வண்டி நிற்கிற நாள்

சர்வீஸ் சென்டரில் கொடுத்த பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் உண்டு. வண்டியில் கோளாறு எதுவும் இருக்காது. பில்லை நீட்டி, "அண்ணே, இதுல எது தேவை, எது தேவையில்லாதது?" என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ரோட்டோரப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு கம்பெனி டீலர் ஒருவரின் சர்வீஸ் சென்டரில் பல வருஷம் யூனிஃபார்ம் போட்டு நின்றேன். அதற்கப்புறம்தான் தாம்பரம் பக்கம் சொந்தமாக ஷட்டர் திறந்தேன். அந்தப் பில்லில் ஒவ்வொரு வரியும் எந்த வழியாக வந்து உட்கார்ந்தது என்பது எனக்குத் தெரியும்.

125 சிசி வண்டி ஒன்றைச் சென்னையில் சாதாரண பெய்டு சர்வீஸுக்கு விட்டால் இப்போது சுமார் 1500 முதல் 2000 ரூபாய் ஆகிறது. ஆயில் 400 ரூபாயை ஒட்டி வரும். லேபர் 400, 500 என்று இருக்கும், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பிளக், பிரேக் ஷூ, ஏர் ஃபில்டர் எதையாவது மாற்றினால் அதன் விலை தனி. உதிரி பாகங்களுக்கு முன்பு 28 சதவீதம் வரி இருந்தது. 2025 செப்டம்பரில் 18 ஆகக் குறைந்ததால் அந்த வரியில் கொஞ்சம் மிச்சம். இதுவரைக்கும் உள்ளது நியாயமான கணக்கு. ஒருவர் உங்கள் வண்டியில் கை வைத்து வேலை செய்திருக்கிறார், பொருள் போட்டிருக்கிறார்.

அதற்குக் கீழே வரும் வரிகளைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். என்ஜின் ஃப்ளஷ், ஆயில் அடிடிவ், டெஃப்ளான் பாலிஷ், ஆன்டி ரஸ்ட், நைட்ரஜன் காற்று. நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வாரம் ஒரு முறை பெட்ரோல் பங்க்கில் அளவு பார்த்துச் சாதாரணக் காற்று பிடித்தால் போதும். ஆயிலோடு தனியாக எதையும் கலக்கத் தேவையில்லை. நல்ல ஆயிலில் வேண்டிய மருந்தைக் கம்பெனியே கலந்துதான் டப்பாவில் அடைக்கிறது. ஆன்டி ரஸ்ட்டை மட்டும் நான் முழுக்கத் தள்ளமாட்டேன். எண்ணூரிலிருந்து கோவளம் வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களின் வண்டியில் உப்புக் காற்று சேஸிஸின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். அவர்களுக்கு அது உதவும், அடியில் அடித்தால். டேங்க் மேலே பளபளப்பு ஏற்றுவதற்குப் பெயர் ஆன்டி ரஸ்ட் இல்லை.

இன்னொரு வரி 'ஏர் ஃபில்டர் கிளீனிங்'. இப்போது பல வண்டிகளில் எண்ணெய் தோய்த்த பேப்பர் ஃபில்டர் வருகிறது. அதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. ஊதினால் எண்ணெய்ப் படலம் போய், தூசி நேராக உள்ளே இறங்கும். குறிப்பிட்ட கிலோமீட்டர் ஓடியதும் தூக்கிப் போட்டுப் புதிது போட வேண்டியதுதான். பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் வேறு, அதை மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து, லேசாக ஆயில் தடவித் திரும்பப் போடலாம். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் அந்த வரிக்குப் பணம் கட்டாதீர்கள்.

இந்த வரிகளுக்காக நான் மெக்கானிக்குகளைக் குறை சொல்லமாட்டேன். நான் வேலை பார்த்த இடத்தில் காலையில் கேட் திறப்பதற்கு முன்பே வண்டிகள் வரிசையில் நிற்கும். ஜாப் கார்டு போடுகிற அட்வைஸருக்கு மாத டார்கெட் உண்டு. டார்கெட் ஆயில் மாற்றுவதில் இல்லை, அந்தக் கூடுதல் ஐட்டங்களில்தான். மெக்கானிக் தலைக்கு நாளொன்றுக்கு ஏழெட்டு வண்டி விழும். வாட்டர் வாஷ், ட்ரையல் எல்லாம் போக, ஒரு வண்டிக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணிக்குள் ஆயில் இறக்கி, செயின் பார்த்து, பிரேக் பிடித்து, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, கஸ்டமர் சொன்ன புகாரையும் கண்டுபிடிக்க வேண்டும். புகார் ஜாப் கார்டில் எப்படி எழுதப்பட்டிருக்கும் தெரியுமா? 'ஜெனரல் செக்கப்.' கஸ்டமர் அட்வைஸரிடம் ஐந்து நிமிஷம் விவரமாகச் சொன்னது அந்த இரண்டு சொல்லில் முடிந்துவிடும். ஆகவே சர்வீஸுக்கு விடும்போது கார்டை வாங்கிப் பாருங்கள். 'காலையில் குளிர்ந்த என்ஜினில் மூன்றாம் கியரில் சத்தம்' என்று உங்கள் வாயால் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டீலரிடம் போகவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு அங்கே போய் புத்தகத்தில் சீல் வாங்குங்கள். ஃப்ரீ சர்வீஸில் லேபர்தான் இலவசம், ஆயிலுக்குக் காசு உண்டு. வாரண்டிக்காக அந்தக் காசைக் கொடுக்கலாம். மேக்னெட் கழற்ற அதற்கென்று புல்லர் இருக்கிறது, கிளட்ச் பிடிக்க ஹோல்டர் இருக்கிறது. அவை இல்லாத பட்டறையில் சுத்தியலும் உளியும்தான் வேலை செய்யும், அந்த அடியை கிராங்க் ஷாஃப்ட் தாங்க வேண்டியிருக்கும். ஒரு மாடலில் எல்லா வண்டிக்கும் வருகிற குறை இருந்தால் கம்பெனி டீலருக்குத்தான் முதலில் தகவல் அனுப்பும். ஒன்று பலருக்குத் தெரிவதில்லை: டீலரின் ஸ்பேர்ஸ் கவுன்டரில் வண்டியை விடாமலேயே பாகம் வாங்கலாம். எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் போட்ட அதே ஒரிஜினல். வாங்கிவந்து வீட்டிலோ தெரிந்த மெக்கானிக்கிடமோ போட்டுக்கொள்ளலாம். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் எல்லாம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் பிரேக் ஷூ, செயின், பேரிங் இந்த மூன்றையும் டூப்ளிகேட்டில் போட நான் சம்மதிக்கவே மாட்டேன். உயிர் இருக்கிறது அதில்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே உணவு டெலிவரிக்கு ஓடுகிற பிள்ளைகளுக்காகத்தான். அவர்களுக்கு வண்டிதான் சம்பளம். நாளொன்றுக்கு 120, 150 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். மற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் வருகிற சர்வீஸ் இவர்களுக்கு ஒரே மாதத்தில் வந்து நிற்கும். காலையில் சென்டரில் விட்டால் சாயங்காலம் கைக்கு வரும். பில் 1500 என்றால், அன்றைக்கு ஓடாமல் போன வருமானம் ஆயிரத்தை ஒட்டி இருக்கும். அதையும் சேர்த்தால்தான் உண்மையான சர்வீஸ் செலவு. அந்தப் பயத்தில் தள்ளிப் போடுவார்கள். தள்ளிப் போட்டு என்ஜின் சத்தம் கேட்ட பிறகு வருவார்கள். போர் போட்டு, பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, லேத்தில் காத்திருந்து எடுக்க ஆயிரக்கணக்கில் செலவு, மூன்று நான்கு நாள் வண்டி இல்லை. வாடகை கட்ட முடியாமல் ஊருக்குத் திரும்பிப் போன பையனை நான் பார்த்திருக்கிறேன். ஆயில்தான் காரணம். ஒரு லிட்டர் ஆயில்.

ஒரு நாள் ஒரு தம்பி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணே, ஆயில நானே மாத்திக்கலாமா? நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

"இதுல என்ன தப்பு? இங்கயே உக்காரு, நீ கழட்டு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அன்று அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். என்ஜினை மூன்று நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கோடு சேர்ந்து முழுசாக இறங்கும், கொதிக்கக் கொதிக்க இறக்கினால் கை வெந்துவிடும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டை ரிங் ஸ்பேனரால் மட்டும் கழற்றுங்கள். ஓபன் ஸ்பேனர் வழுக்கித் தலையை உருட்டிவிடும். ஆயில் முழுக்க இறங்க கால் மணி நேரம் பொறுங்கள். போல்ட்டில் இருக்கிற வாஷரை மாற்றுங்கள், சில ரூபாய்தான். பழைய வாஷர் நசுங்கி முடிந்த பொருள், திரும்பப் போட்டால் கசியும். மாட்டும்போது முதல் நான்கு சுற்று விரலால்தான் போட வேண்டும். கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. கோணலாக ஏற்றி ஸ்பேனரில் பலம் கொடுத்தால் மரை போய்விடும், பிறகு லேத்தில் புது மரை போட வேண்டும். முட்டிய பிறகு ஒரு சின்ன இறுக்கு போதும், காலால் மிதிக்க வேண்டியதில்லை.

எந்த ஆயில் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கார் ஆயில் விலை குறைவாக இருக்கிறதே என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. காரில் கிளட்ச் தனியாக உலர்ந்து இருக்கும். நம் கியர் வண்டிகளில் என்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கார் ஆயிலில் வழுவழுப்புக்காகச் சேர்த்த மருந்து கிளட்ச் பிளேட்டை நழுவ வைக்கும். அதனால்தான் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். 'எம்.பி.' என்றால் ஸ்கூட்டருக்கு, அதில் கிளட்ச் ஆயிலில் இல்லை. பிறகு எண். ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ30, பல்சர் 150-க்கு 20டபிள்யூ50 என்று கம்பெனி சொல்லியிருந்தால் அதையே ஊற்றுங்கள். 'கெட்டியா இருந்தா என்ஜினுக்கு நல்லது' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த என்ஜினுக்குள் இருக்கும் துளைகளும் பம்பும் அந்த எண்ணுக்காகச் செய்தவை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பதற்கு என் வாய் வேதமில்லை, மேனுவல்தான். பழைய வண்டிகளுக்கு 2000, 3000 என்று இருந்தது. இப்போது பலவற்றுக்கு 5000, 6000, சிலவற்றுக்கு 10000 கூட. ஆனால் நடுவில் அளவு பார்க்காமல் 6000 ஓட்டுவதுதான் என்ஜினைக் கொல்கிறது. பழைய என்ஜின் ஆயிலைக் குடிக்கும், கால் லிட்டர் குறைந்தாலும் வெளியே தெரியாது. வாரம் ஒரு முறை குச்சியை எடுத்துத் துடைத்து வைத்துப் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் குச்சியை மரையில் திருகாமல் சும்மா இறக்கிப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ஆயில் கறுத்துவிட்டது என்று பதற வேண்டாம். அழுக்கைத் தன்னிடம் வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. இறக்கிய பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள், மொத்தமாக வாங்கிப்போக ஆள் வருகிறார்கள்.

அடுத்தது செயின். ஆயிலுக்கு அடுத்து அதிகப் பணம் வீணாவது இங்கேதான். செயினும் முன்பின் ஸ்பிராக்கெட்டும் சேர்ந்த செட் 1000 ரூபாய்க்கு மேல்தான். ஒழுங்காகப் பார்த்தால் 20000 கிலோமீட்டரைத் தாண்டி வரும், பார்க்காவிட்டால் பாதியிலேயே பல் கூராகிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, 90-ஆம் நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாக விட்டால் முடிந்தது வேலை. ஓ-ரிங் வைத்த செயினுக்குப் பெட்ரோல் கூடாது, ரப்பர் வெந்துவிடும். தொய்வு எவ்வளவு என்று மேனுவலில் போட்டிருக்கும், பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள், எங்கே மிகவும் இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும். தொங்கினால் சத்தம் போட்டு எச்சரிக்கும். இறுக்கிக் கட்டினால் சத்தமே வராது, ஆனால் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்கை உள்ளுக்குள் அரைத்துக்கொண்டே இருக்கும். அதற்கு என்ஜினையே பிரிக்க வேண்டும். பின் ஸ்பிராக்கெட்டில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள், பல்லில் பாதி வெளியே தெரிந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

ஒரே ஒரு விஷயத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயினைத் துடைக்காதீர்கள். ஐந்து நிமிஷம் மிச்சம் பிடிக்கச் சிலர் செய்கிறார்கள். துணி சிக்கும், துணியோடு விரலும் போகும். கையால் சக்கரத்தைச் சுற்றித் துடையுங்கள்.

கிளட்ச் லீவர் நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு விளையாட்டு, பேட்டரி முனையில் கிரீஸ், டயரில் காற்று, பின் டிரம் பிரேக் கையில் இருக்கும் அம்புக்குறி கோட்டைத் தொடுகிறதா என்ற பார்வை. இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேர வேலை. டபாரியா ரிங் ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், ஒரு தட்டு எல்லாம் சேர்த்து 2000 ரூபாய்க்குள் அடங்கும். வருஷத்துக்கு நான்கு தடவை சென்டருக்குப் போகிற இடத்தில் ஒரு தடவை போனால் முதல் வருஷத்திலேயே அந்தக் காசு திரும்பி வந்துவிடும். டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி பார்ப்பது, பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். பல்சர் 150-இல் இன்லெட்டுக்கு 0.05 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.10. என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஏ.பி.எஸ். வண்டியின் பிரேக் ஆயில், ஃபோர்க், கோன் செட், கிளட்ச் பிளேட் இவற்றில் வீட்டில் கை வைக்க வேண்டாம். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எங்கள் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்த வண்டிகள் நின்றன. 2023-இல் மிக்ஜாம் புயலிலும் அதேதான். தண்ணீருக்குள் நின்றதால் செத்த என்ஜின்கள் குறைவு. தண்ணீர் வடிந்ததும் ஆசையோடு ஸ்டார்ட் செய்து பார்த்ததால் செத்தவைதான் அதிகம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மூழ்கிய வண்டியின் சாவியைத் தொடாதீர்கள். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெதுவாக அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். ஆயில் காபி நிறத்தில் இறங்கினால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. மலிவான ஆயிலை ஊற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியையும் பெட்ரோலையும் வடித்துவிட்டு, புதுப் பெட்ரோல் விட்டு இரண்டு நிமிஷம் ஓட்டி இறக்க வேண்டும். நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் நல்ல ஆயில். சக்கர பேரிங்கையும் பிரேக் டிரம்மையும் அன்றே திறந்து காயவைக்க வேண்டும், விட்டால் ஒரே வாரத்தில் துரு பிடித்துவிடும். இதைத் தெரிந்து வைத்திருந்த குடும்பங்கள் சில நூறு ரூபாயில் வண்டியைக் காப்பாற்றிக்கொண்டன.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு எங்கள் தொழில் தலைகீழாக மாறிவிட்டது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஜெட்டை ஊதி, ஸ்க்ரூவைத் திருகி, காதால் கேட்டு ட்யூனிங் செய்த கைகளுக்கு வேலை குறைந்தது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் எந்த சென்ஸர் என்று கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் டீலரிடம் இருக்கிறது, சர்வீஸ் மேனுவலும் அங்கேதான். பெட்ரோல் பம்ப்பே டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் குளிர்ந்துகொண்டு இருக்கிறது, அதனால் ரிசர்வில் ஓட்டும் பழக்கத்தை விடச் சொல்லி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அதுவும் வீட்டுப் பராமரிப்புதான்.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் மேனுவலையும் உதிரி பாக விவரத்தையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் தெருவோரப் பட்டறையில் நிற்கிறவன் கையில், தமிழில், படத்தோடு ஒரு மேனுவல் வந்து சேர வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று சொல்லும் கோட் நம்பர் பட்டியலும் கிடைக்க வேண்டும். விலைக்குக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம். நாட்டில் ஓடுகிற வண்டிகளில் வாரண்டி முடிந்தவைதான் அதிகம், அவற்றைப் பார்க்கிறவர்கள் நாங்கள்.

அதுவரை சும்மா இருக்க முடியாது என்று நாங்கள் சில பட்டறைக்காரர்கள் பணம் போட்டுப் பல கம்பெனி வண்டிக்கும் பொதுவான ஸ்கேனர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். எல்லா மாடலுக்கும் அது பேசாது, பேசுகிற மாடல்களுக்கு கோட் எது என்று சொல்லிவிடுகிறது. வாரம் ஒரு பட்டறையில் இருக்கும். இந்த வாரம் குரோம்பேட்டையில் இருக்கிறது. வேண்டியவர்கள் முந்தின நாளே சொல்லிவிட்டால் எடுத்து வைப்பேன்.